ஆறாவது தாளில் விரல்கள் சிவந்தன

விளக்கோடு நிற்கும் ஒரு பெண்ணின் பழைய ஓவியத்தைப் பார்த்து, அதே மாதிரி வாட்டர்கலரில் வரைய முயன்றுகொண்டிருக்கிறேன். ஐந்து தாள்கள் போன பிறகு, ஆறாவது தாளில் நேற்று ராத்திரி விரல்கள் ஒளிர்ந்துவிட்டன. முகம் பாதியில் நிற்கிறது, புடவை வெறும் பென்சில் கோடு, சுவரில் விழும் நிழலை இன்னும் தொடவே இல்லை. ஆனாலும் எந்த வரிசையில் எதை வைத்தேன் என்பது மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போனவர்களுக்கு நான் எந்த ஓவியத்தைச் சொல்கிறேன் என்று தெரியும். இருட்டான அறையில் ஒரு பெண் விளக்கோடு நிற்பாள். ஒரு கையில் விளக்கு, மறு கை சுடரைக் காற்றுக்கு மறைத்தபடி. அந்த விரல்களின் வழியாக வெளிச்சம் கசியும். நான் அங்கே நின்றபோது பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளைகளிடம், "இது ரவிவர்மா வரைஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரவிவர்மா 1906-லேயே இறந்துவிட்டார். இது 1940களில் வந்த படம். வரைந்தவர் எஸ்.எல்.ஹல்தங்கர், அதுவும் வாட்டர்கலரில். எண்ணெய் வண்ணமாக இருந்தால் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்து வெளிச்சம் காட்டிவிடலாம். இதில் அந்த வசதி கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை விட்டுவைக்க வேண்டும், அதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஹல்தங்கர் சாவந்த்வாடிக்காரர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். 1908-ல் தன் பெயரிலேயே பம்பாயில் ஓவிய வகுப்பு தொடங்கினார். மகன் கஜானனும் ஓவியர். விளக்கோடு நிற்பது மகள் கீதா. தீபாவளிச் சமயத்தில் அவர் விளக்கைப் பிடித்திருந்ததைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இந்தப் படம் தோன்றியதாம். 2018-ல், 102 வயதில் கீதா காலமானார். அந்தச் செய்தி வந்தபோதுதான் இந்தப் படத்தில் இருப்பவர் அத்தனை காலம் நம்மோடு வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு உறைத்தது. ரவிவர்மா வீட்டிலும் இதே மாதிரி குடும்பமே ஓவியத்தோடு இருந்தது: முதலில் சொல்லிக்கொடுத்தது மாமா, கூடவே உட்கார்ந்து வரைந்தது தம்பி ராஜராஜ வர்மா, தங்கை மங்களா பாயும் ஓவியர். உருவப்படம் வரைபவனுக்குப் பொறுமையாக நிற்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று இந்த இரண்டு மாதத்தில் புரிந்துகொண்டேன்.

எனக்கு நின்றவள் அக்கா மகள். அச்சில் வந்த படத்தைப் பார்த்து முதல் மூன்று தாள்களைக் கெடுத்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். நிஜ அகல் விளக்கு, நல்லெண்ணெய்த் திரி. அஞ்சு நிமிஷத்தில் "மாமா, கை சுடுது" என்றாள். சரி என்று மூன்று நிமிஷம் நிற்பது, இரண்டு நிமிஷம் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம். அந்த ஓய்வில் அவள் விரலுக்கு அடியில் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தோம். என் தப்பு என்ன என்று அங்கேதான் தெரிந்தது. அதுவரை விரலுக்கு நடுவே எலும்பு இருக்குமே என்று ஒரு கருப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் சதைக்குள்ளே சிதறிவிடுகிறது, எலும்பின் நிழல் கரைந்துபோகிறது. ரத்தம் பச்சையையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பை மட்டும் வெளியே விடுகிறது. விரலின் ஓரம், விரல்கள் சேரும் இடுக்கு, இப்படிச் சதை மெல்லிசாக இருக்கும் இடங்களில்தான் சிவப்பு பிரகாசம். பகல் வெளிச்சத்தில் வரைந்து பழகிய கை, இடுக்கைக் கண்டால் அங்கே இருட்டை வைக்கும். விளக்குக்கு முன்னால் அந்த இடுக்குதான் படத்திலேயே வெளிச்சமான இடம்.

நான்காவது தாளைக் கெடுத்தது காட்மியம் ரெட். அது மூடும் வண்ணம், தாளின் வெள்ளை அதைத் தாண்டி வராது. விரல்கள் செங்கல் துண்டு மாதிரி ஆகிவிட்டன. ஐந்தாவதைக் கெடுத்தது என் அவசரம். மஞ்சள் காய்ந்துவிட்டது என்று நினைத்து ரோஸை வைத்தேன், இரண்டும் கலந்து ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிட்டது. பளபளப்பு போய்விட்டால் காய்ந்ததாக அர்த்தம் இல்லை. புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இப்போது அந்தச் சில்லிப்பு போகும்வரை எழுந்து வேறு வேலை பார்க்கிறேன்.

ஆறாவதில் செய்தது இது. கை முழுக்க நியூ காம்போஜ் என்ற மஞ்சள், தண்ணீர் நிறையக் கலந்த மிக மெல்லிய பூச்சாக (வாஷ்), சுடரை ஒட்டிய விளிம்பு மட்டும் வெறும் தாள். நன்றாகக் காய்ந்த பிறகு விரல்களின் மேல் குவினாக்ரிடோன் ரோஸ். இடுக்குகளில் ஒரு நூல் அளவுக்கு மஞ்சளை விட்டுவைத்து, ஈரப் பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் இளக்கினேன். மூன்றாவதாக விரல் முட்டிகளுக்கும் புறங்கைக்கும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் ரோஸும். அது வரைக்கும் கை கை மாதிரி இருந்ததே தவிர ஒளிரவில்லை. அப்புறம் பின்னணியில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த இருட்டை இறக்கினேன். வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும், அதனால் ஒரு தரம் போதவில்லை, மூன்று தரம். மூன்றாவது வாஷ் காய்ந்ததும் விரல்கள் சட்டென்று சிவந்தன. அந்த விரல்களில் அப்போது நான் எதையும் மாற்றவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுண்டுவிரல் என்னுதுதான்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் பருத்தி, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் இல்லாமல் இதை முயற்சி செய்யாதீர்கள், மரக்கூழ்த் தாளில் மூன்றாவது வாஷிலேயே நார் கிளம்பிவிடும். இரண்டாவது தாளில் வண்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சியது, மேல்பூச்சு போன சரக்கு. வாங்கிய கடையில் காட்டினேன், மாற்றித் தர மாட்டேன் என்றார்கள். அன்றிலிருந்து கட்டாக வாங்குவதை விட்டுவிட்டேன். ஒரு தாள் வாங்கி, மூலையில் ஒரு வாஷ் அடித்துப் பார்த்த பிறகுதான் மற்றவை. வண்ணம் படக் கூடாத இடத்தில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிடையும் முயன்றேன். உரித்த இடத்தில் விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது, வெளிச்சத்துக்கு அப்படி ஒரு விளிம்பு கிடையாது.

இதற்குப் பிறகு என் அம்மாவை வரைய ஆசை. விளக்கு இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், எண்ணெய் வண்ணத்தில். இப்போதே கேன்வாஸ் அளவெல்லாம் பார்த்துவைத்துவிட்டேன். ஆனால் முதலில் இந்த முகம் முடிய வேண்டும். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் மூக்கின் நிழல் மேல்நோக்கி விழுகிறது, கன்னத்தின் அடிப்பக்கம் பிரகாசமாகிறது, அக்கா மகள் சிரித்தால் எல்லாம் இடம் மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். திரி மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போட வேண்டும்.