ஓக் மரங்கள் இருந்த இடத்தில் மேம்பாலம்: நியூ ஆர்லியன்ஸ், ட்ரெமே

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரிலிருந்து ட்ரெமேக்குப் போக டாக்ஸியே வேண்டாம். ராம்பார்ட் தெருவைத் தாண்டினால் ட்ரெமேதான். அதற்குப் போய் 25 டாலர் கேட்டார் ஒரு டிரைவர். நம்ம காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல்! "அந்தப் பக்கம் நடந்து போகாதீங்க" என்று பயமுறுத்தல் வேறு. நடந்தே போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் முகம் தெரியாத எனக்குக் கையசைத்து நலம் விசாரித்தார்கள்.

அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று இது. அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஜாஸ் இசையின் வேர் அது.

அப்புறம் கிளெய்போர்ன் அவென்யூ. வயிறு எரிந்தது. நடுவில் வரிசையாக ஓக் மரங்கள், இருபுறமும் கறுப்பினத்தவர் நடத்திய கடைகள் என்று இருந்த சாலை. 1966-ல் மரங்களை வெட்டிவிட்டு, ஐ-10 நெடுஞ்சாலையின் மேம்பாலத்தைத் தலைக்கு மேல் கட்டிவிட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தத் தூண்களில் ஓக் மரங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் மரப்பட்டையின் பெயிண்ட் உரிந்து சிமெண்ட் தெரிகிறது. மேலே லாரி போகும்போதெல்லாம் தடக் தடக் என்று சத்தம்.

பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டி ஆற்றோரமாகவும் ஒரு விரைவுச்சாலை வருவதாக இருந்தது. பழமை கெட்டுவிடும் என்று செல்வாக்குள்ளவர்கள் போராட, 1969-ல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. அவர்கள் பேச்சு எடுபட்டது, ட்ரெமேக்காரர்களின் பேச்சு எடுபடவில்லை. இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2005-ல் கத்ரீனா புயல் வந்தபின் இன்னொரு தொல்லை. அறைக்கு அறை நேர்வரிசையாகப் போகும் அழகான ஒடுக்கமான வீடுகளின் கதவில் இப்போது சாவி வைக்கும் நம்பர் பூட்டுப் பெட்டி தொங்குகிறது. எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகை. வாடகை ஏற ஏற, தெருவில் இசைக்கருவி வாசித்து வளர்ந்த குடும்பங்கள் வெளியேறுகின்றன. பக்கத்திலேயே கூரை சரிந்து, புதர் மண்டிய வீடுகளும் நிற்கின்றன.

சாப்பாடு! ஆர்லியன்ஸ் அவென்யூவில் 1941 முதல் நடக்கும் டூக்கி சேஸ் உணவகத்துக்குப் போனேன். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் உரிமைப் போராட்டக்காரர்கள் இதன் மாடியில்தான் கூடிப் பேசினார்கள். கம்போ என்கிற கரும்பழுப்புக் குழம்பில் இறாலும் தொத்திறைச்சியும். பர்ஸ் இளைத்தாலும் கவலையில்லை, காசு அந்தத் தெருவிலேயே தங்குகிறது.

போகிறவர்களுக்கு: பஸ் 1.25 டாலர்தான். நாள்வாடகை வீட்டில் தங்காமல் ஓட்டலில் தங்குங்கள். வெயில் காலம் தவிர்த்து ஞாயிறு மதியம் போனால், பித்தளை வாத்தியக் கோஷ்டியோடு தெருவே ஆடிக்கொண்டு வரும் செகண்ட் லைன் ஊர்வலம் கிடைக்கலாம்.