அர்த்தசாமத்துக்கு முன் சாப்பாடு

ஜனவரி 12

காலைப் பூசையில் பதிகத்தின் நான்காம் பாட்டிலேயே குரல் உடைந்துவிட்டது. எட்டு மாதமாகக் கனைத்துக் கனைத்தே ஓதுகிறேன். தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்து நிற்கிறது. இருமல் மருந்து, மூன்று முறை ஆன்டிபயாட்டிக், சைனஸ் ஸ்கேன், அப்புறம் வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி. ஒரு டாக்டர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. "ஒன்றுமில்லை" என்றே எல்லோரும் அனுப்பினார்கள். ஓதுவாருக்குக் குரல் போனால் அது ஒன்றுமில்லாத விஷயமா?

ஜனவரி 20

இன்று போன மருத்துவமனையில் தொண்டை டாக்டர், வயிற்று டாக்டர், குரல் பயிற்சி தரும் பெண், உணவு ஆலோசகர் நால்வரும் ஒரே அறையில் இருந்தார்கள். முதலில் ஒரு தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 45, 13-ஐத் தாண்டினால் வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறி வருகிறதோ என்று சந்தேகம். எனக்கு 27.

மூக்கு வழியாகக் கேமரா விட்டு, குரல்நாணுக்குப் பின்னால் சிவந்து வீங்கியிருப்பதைத் திரையில் காட்டினார் தொண்டை டாக்டர். ஆனால் அலர்ஜியிலும், குரலை வதைத்தாலும்கூட இப்படிச் சிவக்குமாம். "எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே" என்றேன். உணவுக்குழாய் தாங்குகிற அமிலத்தைக் குரல்வளை தாங்காது, கூடவே ஏறிவரும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அங்கே புண்ணாக்கும் என்றார் வயிற்று டாக்டர். மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டேன். 2021-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், இப்படித் தொண்டைத் தொல்லை உள்ளவர்களுக்கு 16 வாரம் அமிலக் குறைப்பு மாத்திரை கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் இல்லையாம். அதனால் முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றார்கள்.

ஜனவரி 29

அமிலம் எப்போது ஏறுகிறது என்று பார்க்க மூக்கில் மெல்லிய குழாய், இடுப்பில் சிறு பெட்டி. 24 மணி நேரம். சாப்பிட்டால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன், இருமினால் ஒரு பட்டன். தூக்கம் இல்லை.

பிப்ரவரி 2

படுத்த பிறகுதான் அமிலம் மேலே ஏறி வருகிறது என்று பெட்டியில் பதிந்த வரைபடம் சொன்னது. "ஐயா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்றார் உணவு ஆலோசகர். எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி! அர்த்தசாமப் பூசை முடிந்து வீடு வர ஒன்பதரை. சாதம், குழம்பு. பத்து மணிக்குப் படுக்கை.

பூசைக்கு முன்பே சாப்பிடுங்கள் என்றார் அவர். வயிறு நிறைந்து ஓதினால் அழுத்தத்தில் மேலே வரும் என்று தடுத்தார் குரல் பயிற்சிப் பெண். என் முன்னாலேயே பேசி முடிவு செய்தார்கள்: ஐந்தரைக்கு இட்லி, எட்டரைக்கு ஓதுதல், பிறகு வெறும் வெந்நீர். கட்டிலின் தலைப்பக்கத்துக்குக் கீழே செங்கல். மூன்று மாதம் மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 21

கனைக்கக் கூடாது என்பதுதான் கஷ்டம். கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் வீங்குமாம். தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று குமிழி விடும் பயிற்சி, தினம் மூன்று வேளை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் விடுகிறான்.

ஏப்ரல் 27

அதே ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் 11. வீக்கம் வடிந்திருக்கிறது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். இட்லி நேரம் மட்டும் மாறக் கூடாது. இன்று அர்த்தசாமத்தில் பதினொரு பாட்டும் ஓதினேன். நடுவில் ஒரு முறைகூடக் கனைக்கவில்லை.