ப்ரொகோரோவ்கா: டாங்கி நஷ்டம் எந்தத் தேதியில் ஏறுகிறது?

காரைக்குடிப் பக்கம் பேரேடு, ஐந்தொகை பார்த்துப் பழகியவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் ப்ரொகோரோவ்காவில் நடந்த டாங்கிச் சண்டையின் நஷ்டக் கணக்கு சட்டென்று பிடிபடும். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கே கடை வைத்திருந்த நகரத்தார் ஊர் திரும்பினார்கள். நிலத்தின் மேல் கொடுத்த கடன் ஏட்டில் வரவேண்டிய பாக்கியாகவே நின்றது. 1948இல் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்த பிறகுதான் அது வராக்கடன் பக்கம் சாய்ந்தது. டாங்கிச் சண்டைகளை மறுபடி அலசுபவர்கள் திணறுவதும் இந்தத் தேதி விஷயத்தில்தான்.

1943 ஜூலை 12, கூர்ஸ்க் போர்முனையில் ப்ரொகோரோவ்கா. சோவியத் தளபதி ரோத்மிஸ்த்ரோவின் 5ஆவது கார்ட்ஸ் டாங்கிப் படை, ஜெர்மனியின் 2ஆவது எஸ்எஸ் பன்சர் கோர் என்ற டாங்கிப் படைப்பிரிவின் மீது பாய்ந்தது. மொத்தம் 1,500 டாங்கிகள் மோதின, ஜெர்மனி 400 வரை இழந்தது, அதில் டைகர் என்ற கனரக டாங்கி மட்டும் 70 என்பது சோவியத் தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்த கதை.

முந்தைய நாள் மாலை ஜெர்மன் இருப்பறிக்கையைப் பார்த்தாலே இது நிற்காது. அந்தக் கோரின் மூன்று டிவிஷன்களிலும் ஓடும் நிலையில் இருந்தவை ஏறக்குறைய 300. டைகர் 15தான். பக்கத் தகடு மாட்டிய பன்சர் 4 என்ற நடுத்தர ஜெர்மன் டாங்கி தூரத்தில் டைகர் மாதிரியே தெரியும். எண்ணிக்கை வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

252.2 என்று வரைபடத்தில் குறித்த மேட்டுக்குக் கீழே சோவியத் காலாட்படையே முன்னதாக வெட்டிய டாங்கித் தடுப்புப் பள்ளம் இருந்தது. முழு வேகத்தில் இறங்கிவந்த சோவியத் டி-34 டாங்கிகள் சில அதிலேயே விழுந்தன. மற்றவை கடக்க வழி தேடித் திரும்பியபோது மெலிந்த பக்கக் கவசத்தை ஜெர்மன் பீரங்கிக்குக் காட்டின. ஜெர்மன் விமானங்கள் எடுத்த உளவுப் படங்களை 2019இல் பென் வீட்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்டார். பள்ளத்தை ஒட்டிச் சிதைந்து கிடப்பவை அதில் தெரிகின்றன. எனக்கு இது எந்தத் தளபதியின் நினைவுக்குறிப்பையும் விடப் பெரிய சாட்சி.

ஜூலை 12 முதல் ஐந்து நாளில் சோவியத் படை மீட்க முடியாதபடி இழந்தது 300க்கு மேல். ஜெர்மனி ஜூலை 12 அன்று முற்றாக இழந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இரண்டை மட்டும் வைத்து "ஜெர்மனிக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று எழுதுபவர்களை நான் ஏற்கமாட்டேன். அன்று மாலை களத்தின் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தது; அடிபட்ட வண்டிகளை இழுத்துப்போய்ப் பட்டறையில் நிறுத்தினார்கள். அவை "பழுது" என்றுதான் பதிவாகும். ஆகஸ்டில் பின்வாங்கும்போது சரிசெய்ய முடியாமல் நின்றவற்றைத் தாங்களே வெடிவைத்தோ விட்டுவிட்டோ போனார்கள். ஜூலை 12இல் குண்டு வாங்கிய வண்டி ஆகஸ்ட் நஷ்டத்தில் ஏறுவது இப்படித்தான். ஆகவே ஜூலை 10, 20, மாதக்கடைசி என்று பத்து நாளுக்கொரு முறை எழுதிய இருப்பறிக்கைகளை ஆகஸ்ட் முடியும்வரை தொடர்ந்து பார்க்கவேண்டும். பட்டறைக்குப் போனதில் எத்தனை திரும்பி வந்தது என்பது அங்கேதான் கிடைக்கும்.