சிஸ்பிளாட்டினும் சலைன் பாட்டிலும்

சென்னையில் என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏறிய அந்த நேரத்தை வீண் காத்திருப்பு என்றே உடனிருந்த உறவினர் பலர் எண்ணினார்கள். மருந்து முடிந்ததுமே ஊசியைக் கழற்றச் சொல்லிச் செவிலியரிடம் மன்றாடியவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் எதற்கு என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை என்பதே என் வருத்தம்.

சிஸ்பிளாட்டின் மிகச் சிறிய மூலக்கூறு: நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, அதனுடன் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின். இரத்தத்தில் குளோரைடு மிகுந்திருப்பதால் அந்தக் குளோரின்கள் பெரும்பாலும் கழலாமல் நிற்கின்றன. குளோரைடு குறைந்த செல்லுக்குள் புகுந்ததும் அவை விலகி நீருக்கு இடம்கொடுக்க, பிளாட்டினம் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள குவானின் என்னும் அலகுகளைப் பற்றிப் பிணைத்து இழையையே வளைத்துவிடுகிறது. படியெடுக்க இயலாமல் செல் மடிகிறது. மருந்தைச் சலைனில், அதாவது உப்புநீரில், கலப்பதற்கும் அதிலுள்ள இந்தக் குளோரைடுதான் காரணம்.

1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் பாக்டீரியாக்களிடையே மின்சாரம் செலுத்தியபோது, அவை பிளவுபடாமல் நூலாக நீண்டன. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே அதற்குக் காரணம் என்று கண்டறிந்ததில் தொடங்கிய ஆய்வு, 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தாக முடிந்தது.

இம்மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது அதன் நுண்குழாய்ச் செல்களில் சேர்ந்து அவற்றைச் சிதைக்கக்கூடும். சலைன் சிறுநீரைப் பெருக்கி அந்தச் செறிவைக் குறைக்கிறது. ஆகவே, சித்திரை வெயிலில் வீடு திரும்பியவர் வாந்தியால் தண்ணீரே குடிக்க முடியாமல் தவித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடல்வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது, அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. காதில் இரைச்சல் கேட்டால் அதையும் மறைக்கக் கூடாது, ஏனெனில் சிஸ்பிளாட்டினால் குறைந்த கேட்கும் திறன் பெரும்பாலும் மீள்வதில்லை.

பிளாட்டினம் மருந்துகள் அனைத்துக்கும் ஒரே விதி என்றும் கொள்ள வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டினைக் குளோரைடு சிதைத்துவிடும் என்பதால் அதைக் குளுக்கோஸில்தான் கலக்கிறார்கள். அதை ஏற்றிக்கொண்டவர், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், சில நாட்களுக்கு ஐஸ் தண்ணீரையும் குளிர்ந்த மோரையும் தவிர்க்க வேண்டும். குளிர்ச்சி பட்டால் விரல்கள் மரத்துக் கூசும், தொண்டை இறுகுவதுபோல் தோன்றும்.