மெயிலும் டொமைனும் யார் கையில்?

சிறு நிறுவனங்களின் வெப்சைட், மெயில் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார், "சைட் திறக்கவில்லை" என்பதல்ல. "கொஞ்ச நாளாக என்கொயரியே வருவதில்லை" என்பதுதான். போய்ப் பார்த்தால் சைட் நன்றாகவே திறக்கும். தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ‘நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்ற வரியும் வரும். மெயில் மட்டும் வந்து சேராது. வியாபாரம் மந்தமாகிவிட்டது என்றே உரிமையாளர் நினைத்திருப்பார்.

பெரும்பாலும் கோளாறு அனுப்புநர் முகவரியில் இருக்கும். பழைய படிவ நிரல்கள், வாடிக்கையாளர் தட்டச்சு செய்த முகவரியையே அனுப்புநராகப் போட்டுவிடும். அதாவது, யாஹூ முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு, யாஹூவுக்குச் சம்பந்தமே இல்லாத, வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து ஒரு மெயில் கிளம்பும். மோசடிக்காரர்கள் செய்வதும் இதையேதான். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனின் (இணையப் பெயரின்) டிமார்க் கொள்கையை, அதாவது தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் குறிப்பை, ‘நிராகரி’ என்று மாற்றியதும், அதை மதிக்கும் சர்வர்கள் இப்படிப்பட்ட மெயிலை வாசலிலேயே தடுக்கத் தொடங்கின. பழைய படிவங்கள் அப்படியே இருந்துவிட்டன.

திருத்தம் சிறியது. அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் சொந்த டொமைன் முகவரி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முகவரி, பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ‘ரிப்ளை டு’ இடத்துக்குப் போக வேண்டும். மெயிலை ஹோஸ்டிங் சர்வர் தானாகத் தள்ளிவிடாமல், பாஸ்வேர்டு கொடுத்து எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக, 587 போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்) அனுப்ப வேண்டும். இத்தோடு, நிரப்பப்படும் ஒவ்வொரு படிவமும் டேட்டாபேஸிலும் பதிவாக வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் மெயில் தொலைந்த நாளில் ஆர்டரைக் காப்பாற்றுவது இந்தப் பதிவுதான்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இன்னும் இறுக்கின. ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ‘5000’ என்ற எண்ணைப் பார்த்ததும் சிறு நிறுவனங்கள் பலவும் இது தமக்கில்லை என்று விட்டுவிட்டன. ஆனால் ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது கட்டாயம். பில், கொட்டேஷன் எல்லாம் ஸ்பேமுக்குள் போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றை அமைப்பதில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகள் மூன்று. புது மெயில் சேவைக்கு மாறும்போது, பழைய எஸ்பிஎஃப் பதிவைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அடுத்தது, பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், அந்த ஒரே பதிவில் 10 டிஎன்எஸ் (டொமைனின் விவரங்கள் பதிந்திருக்கும் இணைய அடைவு) தேடல் என்ற வரம்பைத் தாண்டுவது. நேற்றுவரை போன மெயில் இன்று நின்றுபோவதற்கு, நேற்று சேர்த்த பதினோராவது தேடல் போதும். மூன்றாவது, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவி. 2048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் வரும். டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு அதுதான் வரம்பு என்பதால் சாவியைத் துண்டுகளாக எழுத வேண்டும். சில கன்ட்ரோல் பேனல்கள் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். ஒட்டியதும் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘நிராகரி’ என்று வைக்கக் கூடாது. ‘கண்காணிப்பு மட்டும்’ என்று தொடங்கி, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்தால், நிறுவனத்தின் பெயரில் எங்கெங்கிருந்து மெயில் போகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு இறுக்கலாம்.

இந்த விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மெயில் போவதைத் தடுக்க இவை வேண்டும். குறை அறிவிப்பு முறையில் இருக்கிறது. மாற்றம் தொழில்நுட்பக்காரர்கள் படிக்கும் இடத்தில் வெளியாகிறது. மெயிலை மட்டுமே நம்பிப் பிழைப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

சைட்டைப் பாதுகாப்பான இணைப்பில் திறக்கவைக்கும் சர்டிபிகேட் விஷயத்திலும் நெருக்கடி வருகிறது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றளிப்போரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து 2025இல் முடிவெடுத்திருக்கிறார்கள். கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி ஒத்துவராது. இலவசமாகச் சர்டிபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அனுப்பிவந்த காலாவதி நினைவூட்டல் மெயிலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு வைத்திருந்தும் சைட் நிற்பதுண்டு. சர்டிபிகேட் தருபவர் சரிபார்க்க வரும் 80 போர்ட்டை யாரோ மூடியிருப்பார்கள். அல்லது சர்வர் மாற்றியபோது டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரி (சர்வரின் புதுவகை இணைய எண்) மட்டும் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். அல்லது புது சர்டிபிகேட் டிஸ்கில் வந்திருந்தும் வெப் சர்வரை ரீலோட் செய்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டொமைன். அது யார் பெயரில், எந்த மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பல உரிமையாளர்களிடம் பதில் இருக்காது. சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே வாங்கிப் போட்டிருப்பார். முன்பெல்லாம் ஹூஇஸ் என்ற பொது டொமைன் பதிவேட்டில் தேடினால் உரிமையாளர் பெயர் தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. தனிநபருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் தன் டொமைன் தன் பெயரில்தான் இருக்கிறதா என்று உரிமையாளர் வெளியிலிருந்து சரிபார்க்கும் வழி அத்தோடு அடைபட்டது. இப்போது ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்கில் லாகின் செய்து பார்த்தால்தான் உண்டு.

டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாளுக்குள்ளும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. தவறவிட்டால், ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாட்கள் முடிந்து டொமைன் நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் மீட்கும் கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைவிடப் பல மடங்கு. அதையும் விட்டால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். டாட் இன் போன்ற நாட்டு டொமைன்களின் விதிகள் வேறு. அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கின் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் செயலிழந்தால் அந்த மெயில்பெட்டியும் நின்றுவிடும். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் அங்கேதான் போகும். வேறொரு சேவையில் உரிமையாளரின் சொந்த முகவரியைக் கொடுத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அவருடைய போனிலேயே வைக்க வேண்டும். முகவரியை மாற்றியதும் வரும் சரிபார்ப்பு மெயிலில் 15 நாளுக்குள் கிளிக் செய்யாவிட்டால் டொமைனையே நிறுத்திவைக்க விதி இடம் கொடுக்கிறது. அது ஸ்பேமில் கிடக்கிறதா என்று அன்றைக்கே தேடுங்கள். வேலையை ஒப்படைக்கும்போது லாகின் விவரத்தை மெயிலில் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளாமல், உரிமையாளரையே உட்காரவைத்து, அவர் கையால் ஒருமுறை லாகின் செய்து, காலாவதித் தேதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.