கெமிக்கல் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

நான் கெமிக்கல் இன்ஜினியர் என்பதால் பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போது தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். "அண்ணா, கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா? எனக்குக் கெமிஸ்ட்ரி சுமாராத்தான் வரும்" என்று பாதிப் பேராவது சொல்வார்கள். கெமிஸ்ட்ரி சுமாராக வந்தால் பரவாயில்லை, கணக்கும் பிசிக்ஸும் வருகிறதா என்று திருப்பிக் கேட்பேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் அது முடியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சோப்பு, கண்ணாடி, துணி மூன்றுக்கும் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. சாதாரண உப்பில் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்குவதுதான் அதைத் தயாரிப்பதில் முதல் படி. அதில் சோடியம் சல்பேட் கிடைக்கும், கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் கிளம்பும். அந்த வாயுவை அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே விட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் மரங்கள் பட்டுப்போயின, பயிர்கள் கருகின, நிலம் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1836-ல் வில்லியம் காஸேஜ் என்ற ஆலைக்காரர் சும்மா கிடந்த ஒரு காற்றாலைக் கோபுரத்துக்குள் சுள்ளிகளை நிரப்பி, மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, வாயுவை அதற்குள் செலுத்திப் பார்த்தார். சுள்ளிகள் மேல் தண்ணீர் மெல்லிய படலமாகப் படர்ந்து இறங்குவதால் வாயு கரைவதற்கு ஏகப்பட்ட பரப்பு கிடைத்தது. வாயு தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகக் கீழே வந்தது. இன்றைக்கு ஏதாவது ஒரு மருந்து ஆலையின் ஸ்கிரப்பரை, அதாவது வாயுவைக் கழுவும் கோபுரத்தைத் திறந்து பார்த்தால் சுள்ளிக்குப் பதில் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும், மற்றபடி அதேதான்.

வழி இருந்தும் எல்லோரும் செய்யவில்லை. 1863-ல் ஆல்கலி சட்டம் வந்தது. அந்த வாயுவில் 95 சதவீதத்தையாவது ஆலைகள் பிடித்தே ஆக வேண்டும் என்றது சட்டம். அதைக் கண்காணிக்க இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள், பின்னாளில் அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் டேவிஸ். ஊர் ஊராக, ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தவர் அவர். ஒவ்வொரு ஆலைக்காரரும் தன் தொழில் தனி ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எல்லா இடத்திலும் நடப்பது அதே சில வேலைகள்தான் என்பது அவருக்குப் புலப்பட்டது: அரைப்பது, கரைப்பது, வடிகட்டுவது, ஆவியாக்குவது, காய்ச்சி வடிப்பது, உலர்த்துவது. பொருள் மாறுகிறது, வேலை மாறவில்லை. இதை வைத்து 1887-ல் மான்செஸ்டரில் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். அடுத்த வருடமே அமெரிக்காவில் எம்ஐடி இதற்கென்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. 1915-ல் ஆர்தர் டி. லிட்டில் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அடிப்படை வேலைகளுக்கு 'யூனிட் ஆபரேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நாம் மாங்கு மாங்கென்று படிப்பது அதைத்தான்.

அதனால்தான் கணக்கும் பிசிக்ஸும் வருகிறதா என்று கேட்கிறேன். குடுவையில் ஒரு வினையைக் கண்டுபிடிப்பது வேதியியலாளர் வேலை. அதை டன் கணக்கில், இரவும் பகலும், நஷ்டமில்லாமல், யாரும் சாகாமல் நடத்துவது நம் வேலை. வெப்பம் எவ்வளவு போகிறது, எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், உள்ளே போனது எல்லாம் வெளியே வந்து கணக்குச் சரியாகிறதா, இதுதான் நாள் முழுக்க.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். நொய்யலில் ஒரு சொட்டுச் சாயக்கழிவும் கலக்கக் கூடாது, ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்போ சோடியம் சல்பேட்டோ நிறையப் போட வேண்டும். அதுவும் கழிவுநீரில்தான் வந்து சேரும், நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டாலும் உப்பு போகாது. அதனால் தண்ணீரை ஆர்.ஓ.வுக்கு அனுப்பிப் பெரும்பகுதியை நல்ல தண்ணீராக மீட்டு, மிச்சமிருக்கும் உப்பு செறிந்த கழிவை (ரிஜெக்ட்) எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கும் கருவியில் கொதிக்கவைத்து, கடைசியில் உப்பைப் படிகமாகவே எடுத்து மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். இதில் அதிகம் எரிபொருள் தின்பது எவாப்பரேட்டர். முதல் கலத்தில் எழும் ஆவியை வீணாக்காமல் இரண்டாம் கலத்தைச் சூடாக்கவும், அதிலிருந்து வருவதை மூன்றாவதற்கும் பயன்படுத்துவார்கள். அடுத்தடுத்த கலங்களில் அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். மூன்று கலம் இருந்தால் ஒரு கிலோ நீராவியைக் கொண்டு இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீரை விரட்டலாம்.

இந்த எவாப்பரேட்டர் சாயத்துக்காக வந்ததே இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்து பாரிஸில் படித்த நோர்பர்ட் ரில்லியூ, கரும்புச் சாறு காய்ச்சுவதற்காக 1843-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டின் வழிவந்தது. அதற்கு முன்பு கொதிக்கும் சாற்றை அடிமைகள் கரண்டியால் மொண்டு மொண்டு ஒரு கொப்பரையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆக, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானாவின் கரும்புக்காக வந்த யோசனை திருப்பூர் பனியனுக்கு உழைக்கிறது. சர்க்கரை ஆலையில் நாலு வருடம் இருந்தவர் சாயக்கழிவு பிளான்ட்டுக்கோ பால் பவுடர் ஆலைக்கோ வந்தால் முதல் வாரத்திலேயே வேலையைப் பிடித்துக்கொள்வார். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்படி மாறுவது இன்று நேற்று வந்ததில்லை. எம்ஐடியில் இந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெரிய தொட்டிகளில் தயாரிக்கும் ஆலையை வடிவமைத்தவர் அவர்தான். அதே கையால் செயற்கை ரப்பர் ஆலை வேலையும் பார்த்தார். பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாக்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, வேலை. தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வேர் ஆழம், கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) அழகப்பச் செட்டியார் கொடையில் 1944-ல் வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், தூத்துக்குடி, மேட்டூர் ரசாயன ஆலைகள் என்று பழைய கோட்டைகள் இருக்கின்றன. பெயிண்ட், மருந்து, காகிதம், உணவு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டே வெளிநாட்டு ஆலைகளுக்கு வரைபடம் போடும் டிசைன் ஆபீஸ்களும் உண்டு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஓடுகின்றன. பேட்டரிப் பக்கம் ஆசை இருந்தால் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே பி.டெக் படிப்பே நடக்கிறது. பொதுத்துறை நிறுவனம் வேண்டுமானால் கேட் (GATE) என்ற தேசிய அளவிலான பொறியியல் தேர்வை இரண்டாம் ஆண்டிலிருந்தே மனதில் வையுங்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் ஐடியை விடக் குறைவுதான். ஆலை ஊருக்கு வெளியே இருக்கும், நைட் ஷிப்ட் உண்டு, தீபாவளியன்று பாய்லர் லீவு எடுக்காது. கோர் வேலைக்கு, அதாவது படித்த துறை வேலைக்கு வந்து ஒரே வருடத்தில் சாப்ட்வேருக்குப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கதவுகள் வேகமாகத் திறக்கின்றன, வளைகுடா உட்பட.

வளர்ந்துவரும் இன்னொரு வேலை பாதுகாப்பு. போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு நச்சு ரசாயனத் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது விபத்து என்றே வைத்துக்கொள்வோம். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரிக்க வேண்டிய ஃபிளேருக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்ததும் விபத்து இல்லை, யாரோ எடுத்த முடிவுகள். ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. வால்வு வால்வாக உட்கார்ந்து, "இது மூடிக்கொண்டால் என்ன ஆகும், இதில் எதிர்ப்பக்கம் ஓட்டம் வந்தால் என்ன ஆகும்" என்று கேட்டுக்கொண்டே போகும் ஹேஸாப் (HAZOP) என்ற ஆய்வு முறை இருக்கிறது. அதில் தேர்ந்த ஒருவர் ஒரு ஊரையே காப்பாற்றலாம். எனக்கு இந்தத் துறையிலேயே அதிக மரியாதை இந்த வேலை மீதுதான்.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபில் காய்ச்சி வடிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரம் ஓடுகிறதா, தூசி படிந்து நிற்கிறதா என்று பாருங்கள், சீனியர்களிடம் கேளுங்கள். சேர்ந்த பிறகு முதல் பயிற்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சர்க்கரை ஆலையைக் கேட்டு வாங்குங்கள். பாய்லர், எவாப்பரேட்டர், கிரிஸ்டலைசர், சென்ட்ரிஃப்யூஜ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். அரவைப் பருவத்தில் போக வேண்டும், முன்கூட்டியே துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.