பக் அல்காரிதம் கணக்குகளில் மதிப்பெண் போகும் இடம்

வழியில் உள்ள தடைகளைச் சுற்றிக்கொண்டு ரோபோ இலக்கை அடையும் எளிய வழிமுறைகளே பக் அல்காரிதங்கள். இவற்றில் ரோபோவிடம் வரைபடம் கிடையாது. தன் இடமும் இலக்கின் இடமும் தெரியும், தடையைத் தொட்டால் உணரும். இது போதும் என்று லுமெல்ஸ்கி, ஸ்டெபனோவ் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் நிறுவினார்கள். தேர்வு விடையில் இந்த அனுமானங்களை முதலில் எழுதுங்கள்.

இவற்றில் பக்1, பக்2 என்று இரண்டு உண்டு. பக்1 தடையை ஒரு முழுச் சுற்று வந்து, இலக்குக்கு மிக அருகிலிருந்த புள்ளிக்குக் குறுகிய பக்கமாகத் திரும்பி, அங்கிருந்து விலகும். பக்2 தொடக்கத்தையும் இலக்கையும் இணைக்கும் எம்-கோட்டை மறுபடி தொடும்போது விலகும். ஆனால் அந்தப் புள்ளி, மோதிய புள்ளியைவிட இலக்குக்கு அருகில் இருக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த நிபந்தனையைத்தான். அது இல்லாவிட்டால் சுருள் வடிவத் தடையில் ரோபோ பின்னால் உள்ள புள்ளியில் விலகி, பழைய இடத்திலேயே மோதி, முடிவில்லாமல் சுற்றும்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். தொடக்கம் (0,0), இலக்கு (10,0), செவ்வகத் தடையின் மூலைகள் (4,-1), (6,-1), (6,3), (4,3). சுற்றளவு 12. பாதை நீளம், இடப்பக்கம் திரும்பும் பக்2: 4+8+4 = 16. பக்1: 4+12+4+4 = 24. பாதை நீளத்தின் உச்ச வரம்பு பக்1-க்கு நேர்தூரம் + 1.5 × சுற்றளவு, அதாவது 28. பக்2-க்கு, எம்-கோடு தடையின் ஓரத்தை வெட்டும் எண்ணிக்கையில் பாதியால் சுற்றளவைப் பெருக்கி நேர்தூரத்துடன் கூட்ட வேண்டும், இங்கே 22. அதே சுற்றளவில் 4 வெட்டுகள் இருந்தால் 34 ஆகிவிடும். “எது சிறந்தது?” என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடே விடை, பக்2 எப்போதும் குறுகியது என்று எழுதினால் தவறு.

இலக்கை அடைய முடியாத நிலையையும் தனியாக எழுதுங்கள்: பக்2-இல் விலக வழி கிடைக்காமல் மோதிய புள்ளிக்கே திரும்பினால் நிறுத்த வேண்டும்.

செய்முறைத் தேர்வில் சிக்கல் வேறு. அளவீடுகளுக்கு நடுவே ரோபோ எம்-கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே கோட்டின் மேல் சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல், கோட்டிலிருந்து உள்ள தூரத்தின் குறி (+ அல்லது −) மாறியதா என்று பாருங்கள். மோதிய புள்ளிக்குத் திரும்பியதைச் சோதிக்கும்முன் 20 செ.மீ.யாவது நகர விடுங்கள். இல்லையேல் புறப்பட்ட கணமே “சுற்று முடிந்தது” என்று நின்றுவிடும். சக்கரம் வழுக்கினால், அதன் சுழற்சியை எண்ணும் என்கோடரின் கணக்கு பிசகும், அதனால் திருப்பங்களில் வேகத்தைக் குறையுங்கள்.